கடிதத்தில் இல்லாத ஒருத்தி

ஒரே காலத்தில் இரண்டு பெண்களிடம் காதல் சொல்லிக்கொண்டிருக்க 1991இல் ஓர் ஆணுக்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு ஊர்கள் இருந்தால் போதும். நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தேன். அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். இடையே ஓர் இரவுப் பயணம். கடிதம் போய்ச் சேர இரண்டு நாளாகும். பதில் வர அதற்கு மேலும் ஆகும். அவள் வீட்டில் தொலைபேசி கிடையாது. நாலு வீடு தள்ளி ஒரு கான்ட்ராக்டர் வீட்டில் இருந்தது. அந்த எண்ணைத்தான் ‘பி.பி.’ என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்திருந்தாள். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கூப்பிட்டால், அந்த வீட்டுப் பையன் ஓடிப்போய் அவளை அழைத்துவரும் வரை மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். வந்தபின் அவளாலும் மனம்விட்டுப் பேச முடியாது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு ‘நல்லாருக்கேன், நீங்க?’ என்பதற்கு மேல் என்ன கேட்டுவிட முடியும்?

அந்த ஆண்டு நாடு முழுவதற்கும் இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 50 லட்சம். இன்று கைப்பேசி இணைப்புகள் மட்டும் 110 கோடியைத் தாண்டிவிட்டன. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வியாபாரமும் அரசியலும் மாறிய கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். காதலில் துரோகம் செய்தவன் தன் துரோகத்தைத் திரும்பிப் பார்க்கும் விதமும் இதனோடு சேர்ந்தே மாறியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. துரோகம் செய்த பக்கத்தில் நின்றவன் என்பதால் எனக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் தொடங்கிய பழக்கம் எங்களுடையது. வேலை கிடைத்ததும் வீட்டில் பேசுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். வேலை கிடைத்தது, வீட்டில் பேசவில்லை. திருச்சிக்கு வந்த மறு ஆண்டு, எங்கள் கிளைக்கு எதிர்க் கட்டடத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணோடு நெருங்கினேன். அவளிடமும் கல்யாணப் பேச்சை எடுத்தேன். இருவருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவர் தெரியாது. எனக்கு மட்டுமே இரண்டும் தெரியும். ஓராண்டுக்கு மேல் அப்படியே போயிற்று.

வெளிப்பட்டதும் என்னால் அல்ல. பாளையங்கோட்டைக்காரியின் தம்பி ஏதோ ஒரு தேர்வு எழுதத் திருச்சிக்கு வந்தான். நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு என்னைத் தேடி வந்தவனிடம், நான் யாரோடு எங்கே போயிருக்கிறேன் என்பதைப் பக்கத்து அறைக்காரர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு கட்டு வந்தது. நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டி இருந்தன. அவள் கைப்பட ஒரு வரி இல்லை. நானும் பதில் எழுதவில்லை. இரண்டாமவளுக்கும் செய்தி ஆபீஸ் வட்டாரத்தில் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தது. ஆக, இருவரில் ஒருவரிடம்கூட நான் வாய் திறந்து சொன்னதில்லை.

அந்தக் கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ வீடு மாறியும் தூக்கிப்போட மனம் வரவில்லை. பல ஆண்டுகள் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் பிரித்துப் படித்தேன். 1992ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எழுதிய ஓர் இன்லேண்டு லெட்டர் அதில் இருக்கிறது. நீலத் தாள், மடிப்புகளில் வெளுத்திருக்கிறது. மெஸ்ஸில் சாம்பார் மாறிவிட்டதைப் பற்றி நாலு வரி. கேஷியர் லீவில் போனதால் என் தலையில் விழுந்த வேலையைப் பற்றி ஒரு பத்தி. பிறகு இப்படி: காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போயிருந்தோம், மதகுகள் திறந்திருந்தன, பார்க்க ஆயிரம் கண் வேண்டும், ஒருநாள் உன்னைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். ஓரத்தில் இடமில்லாமல் சாய்த்து எழுதியது: ‘உடம்பைப் பார்த்துக்கொள்.’

அதில் பொய் என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. சாம்பார் மாறியது உண்மை, கேஷியர் லீவில் போனது உண்மை, மதகுகள் திறந்திருந்தது உண்மை. அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியதும் உண்மைதான் என்று இன்றும் நினைக்கிறேன். முக்கொம்புக்கு யாரோடு போனேன் என்பது மட்டும் அதில் இல்லை. அவள் படித்துவிட்டு ஆபீஸ் நண்பர்களோடு போயிருப்பான் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த வித்தியாசத்தில்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என் கையெழுத்தே அந்த நிம்மதியைக் குலைத்தது. மனிதர்களோடு போன ஓர் இடத்தைப் பற்றி எழுதும்போது, உடன் வந்தவளை வரிக்கு வரி ஒதுக்கிக்கொண்டே போவதற்கு எவ்வளவு கவனம் தேவை என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும்.

நினைவு அப்படி விட்டுவைப்பதில்லை. நினைவில் நான் எப்போதும் குழம்பிப்போன ஓர் இளைஞன், வீட்டுக்குப் பயந்தவன், யாரையும் நோகடிக்க விரும்பாதவன். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஒரு மூலை மழுங்கி, கடைசியில் எல்லாம் வயதின் கோளாறு என்ற அளவுக்கு வழவழப்பாகியிருந்தது. அன்று துரோகம் செய்தவர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை இந்த மறதிதான். சாட்சியம் எதுவும் இல்லை. இருந்தாலும் அது ஏமாற்றப்பட்டவளின் கையில் இருந்தது. அவள் அதை எரித்துவிடுவாள் அல்லது திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஊரும் அந்தச் சலுகைக்குத் துணை நின்றது. திருச்சியில் ஒருவரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை. லாட்ஜில் என் செல்வாக்குக் கூடியது என்பதுதான் உண்மை. செய்தி எட்டியபோது என் பெரியம்மா, “ஆம்பளப் பையன், கால்கட்டுப் போட்டா சரியாப் போயிடும்” என்றாள். எதிர்க் கட்டடத்துப் பெண் மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போனாள். போக வேண்டியிருந்தது, அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, அவள் போனபின் பேசத் தொடங்கும் அலுவலகம் அது. பாளையங்கோட்டையில் நடந்ததை நான் பின்னால்தான் அறிந்தேன். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் ‘இவள் என்ன செய்தாளோ, அவன் விட்டுட்டான்’ என்று பேச்சு எழுந்திருக்கிறது. வரன்கள் தட்டிப்போயிருக்கின்றன. குற்றம் ஒருவனுடையது. அதற்கான வட்டியை இரண்டு பெண்கள் இரண்டு ஊர்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் தாய்வழித் தாத்தாவுக்கு இரண்டு தாரம். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது; நாடு தழுவிய இந்துத் திருமணச் சட்டம் 1955இல். அதற்கு முன் தாத்தா எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய பாட்டியிடம் சொல்லிவிட்டே சின்னப் பாட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். மறைக்காததால் அவர் நேர்மையானவர் என்று என் அம்மா சொல்வாள். பெரிய பாட்டி என்ன சொன்னாள் என்று கேட்டால் அம்மாவிடம் பதில் இருக்காது. பாட்டியிடம் அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆண் தன் பிறழ்வைத் தானே எண்ணிப் பார்க்கும் இடங்கள் நம் பழைய இலக்கியத்திலும் குறைவு. மருதத் திணையின் பொருளே ஊடல்தான். பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவன் வாசலில் நிற்கிறான். அவனுக்காகப் பேசத் தோழி, பாணன், விறலி, பார்ப்பான் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாயில்களாகத் தொல்காப்பியம் பன்னிரண்டு பேரை அடுக்குகிறது. ஓரம்போகியாரின் நூறு பாடல்களில் தலைவியும் தோழியும் பரத்தையும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் ஏன் போனான் என்பதை அவன் வாயால் அலசுவது அங்கே வேலையாகவே இல்லை. சமாதானம் செய்வதுதான் வேலை. அதற்கு அடுத்தவர்கள் இருந்தார்கள்.

இதற்கு ஒரு பெரிய விலக்கு கோவலன். அவனுடைய மனமாற்றத்தை இளங்கோவடிகள் படிப்படியாக வைத்திருக்கும் முறையை நான் என் கடிதக் கட்டைப் படித்த பிறகுதான் சரியாகக் கவனித்தேன். புகாரில் கண்ணகியிடம் திரும்பிவரும் முதல் நாளில் அவன் வருந்துகிறான்தான். ஆனால் அந்த வருத்தம், வஞ்சகியோடு கூடி முன்னோர் தேடிவைத்த செல்வத்தை இழந்துவிட்டோமே என்பது. பழி மாதவி மேல். வெட்கம் காசு போனதில். கண்ணகியின் சிலம்பை வாங்கிக்கொண்டு புறப்படுகிறான். வழியில், மதுரையை நெருங்கும்போது, கோசிகன் கொண்டுவரும் மாதவியின் கடிதத்தைப் படிக்கிறான். முன்பு வசந்தமாலை கொண்டுவந்த கடிதத்தை வாங்க மறுத்தவன் இதை வாங்குகிறான். அப்போதுதான் குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். மதுரைப் புறத்தே மாதரி வீட்டில், கண்ணகி சமைத்துப் போட்ட சோற்றை உண்ட பிறகு, பெற்றோரை மறந்ததையும் அவளுக்குச் செய்த சிறுமையையும் அவளிடமே சொல்கிறான். அவளும் நீங்கள் நடந்துகொண்டது போற்றத்தக்க ஒழுக்கம் அல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். காசுக்காக வெட்கப்பட்டவன் மனைவிக்காக வெட்கப்படுவதற்குப் புகாரிலிருந்து மதுரை வரை நடக்க வேண்டியிருந்தது. மாதவியின் கடிதம் இல்லாவிட்டால் அந்தத் தூரமும் போதாமல் போயிருக்கலாம்.

சட்டம் அந்தத் தூரத்தில் பாதிகூட நடக்காமல் வெகு காலம் நின்றிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 497 இருந்தது. ஒருவன் இன்னொருவனின் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொண்டால் ஐந்தாண்டு வரை சிறை. வழக்குப் போடும் உரிமை கணவனுக்கு. தன் கணவன் இன்னொருத்தியிடம் போகிறான் என்று ஒரு மனைவி இந்தப் பிரிவின்கீழ் போய் நிற்க முடியாது. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்றால், அங்கே காக்கப்பட்டது யாருடைய உரிமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1985இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018 செப்டம்பர் 27 அன்று அதைச் செல்லாது என்று அறிவித்த ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். 158 ஆண்டு வயதான ஒரு பிரிவு ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளுக்குள் நியாயத்திலிருந்து அநியாயமாக மாறியது. விவாகரத்துக்குக் காரணமாக மட்டும் அத்தகைய உறவு இன்றும் நிற்கிறது. அங்கும் ஒரு மாற்றம்: 1955இன் சட்டத்தில் துணை தொடர்ந்து அப்படி வாழ்ந்துவருவதாகக் காட்ட வேண்டியிருந்தது, 1976இன் திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை நடந்ததும் போதும்.

நான் செய்ததற்கு அன்று எந்தச் சட்டமும் கிடையாது. இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள், நானும்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா பிறன்மனை உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. ஆனால் நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல் கல்யாண வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணோடு உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக 69ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. பத்தாண்டு வரை தண்டனை. காதல் முறிவுகள் எல்லாம் காவல் நிலையத்தில் போய் முடியவேண்டும் என்று நான் நினைப்பவன் அல்லன். அந்தப் பிரிவைப் படித்தபோது, வாக்குக் கொடுத்த நேரத்தில் எனக்கு எண்ணம் இருந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 1992இல் அப்படி ஒரு கேள்வி என்னிடம் யாராலும் கேட்கப்படவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு சனிக்கிழமை திடீரென்று வந்து நின்றான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நிச்சயதார்த்தம் வரை வந்த ஒரு காதல் அவனுக்கு இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோவையிலிருந்து அவ்வப்போது சென்னைக்கு வந்துபோகும் இன்னொருத்தி இருந்தது யாருக்கும் தெரியாது. சாப்பாடு வரவழைக்கும் செயலியில் பிரியாணி சொல்வதற்காக நிச்சயித்த பெண் அவன் கைப்பேசியை வாங்கியிருக்கிறாள். சேமித்துவைத்த முகவரிகளில் தனக்குத் தெரியாத ஒரு விடுதியின் பெயரைப் பார்த்திருக்கிறாள். முந்தைய ஆர்டர்களைத் திறந்தால் அதே விடுதிக்கு, தன்னிடம் அவன் ஆபீஸில் இரவு வேலை என்று சொன்ன தேதிகளில், இரண்டு பேருக்கான சாப்பாடு. பிறகு அரட்டைகள், பணம் அனுப்பிய பட்டியல், வண்டி பதிவு செய்த பட்டியல். அரை மணி நேரத்தில் ஓராண்டு முழுவதும் அவள் முன் விரிந்துவிட்டது.

“அவ ஏன் மாமா என் ஃபோனை நோண்டணும்?” என்பதுதான் அவன் முதலில் சொன்னது.

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னிடமும் அன்று முதலில் எழுந்தது பக்கத்து அறைக்காரர் மேலான கோபம்தான்.

அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் தன் கைப்பேசியை எனக்குக் காட்டினான். தன் பக்க நியாயத்தைக் காட்டத்தான் எடுத்தான். “இங்க பாருங்க மாமா, இந்த வாரம் அவ என்கிட்ட சண்டை போட்டிருக்கா” என்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினான். தள்ளும்போது வேறொன்று கண்ணில் பட்டது. ஒருத்திக்கு இரவு 9.42க்கு: ‘தூங்கப் போறேன், தலைவலி.’ பக்கத்து அரட்டையில் மற்றவளுக்கு 9.44க்கு: ‘கால் பண்ணவா?’ இரண்டிலும் நீல டிக். அவனும் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். சண்டை போட்ட வாரத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

எனக்குக் கையெழுத்தைப் பார்க்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அவனுக்கு ஒரு வாரத்துக்குள் அது நடந்தது. என் கடிதங்களில் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. விட்டதை நான்தான் நிரப்பிப் படிக்க வேண்டும். அவனுடைய கைப்பேசியில் சொன்னது, மறைத்தது, அதே நிமிடத்தில் வேறிடத்தில் சொன்னது எல்லாம் மணி நிமிடத்தோடு இருக்கிறது. மழுங்கவைக்க எதுவும் இல்லை. ‘அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று அவனால் எனக்கோ தனக்கோ சொல்ல முடியவில்லை.

நிச்சயித்த பெண் அன்றே வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொல்லி, மறுநாள் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா என் அக்காவுக்கு ஃபோன் செய்து, “கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சுது, நல்லதாப் போச்சும்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவளிடம் என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோழிகள் அவளோடு இருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கட்டுக் கடிதத்தைத் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டியவளுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த முப்பது ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் நான் முழுமனதோடு வரவேற்பது இதைத்தான். ஏமாற்றப்பட்டவள் ஏமாற்றப்பட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்ற நிலைமை எல்லா ஊருக்கும் எல்லா வீட்டுக்கும் இன்னும் வந்துவிடவில்லை. ஆனால் வந்துகொண்டிருக்கிறது.

இழந்தது வேறு பக்கத்தில் இருக்கிறது. முன்பு, செய்தவன் தானாக வந்து சொல்வதற்கு இடம் இருந்தது. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை, நானும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அது திறந்திருந்தது. கடிதம் போய்ச் சேரும் இரண்டு நாள், அடுத்த சந்திப்புக்கான மூன்று மாதம், தம்பி தேர்வெழுத வரும்வரை ஓராண்டு என்று எனக்குக் கிடைத்த அவகாசம் கொஞ்சமல்ல. கோவலனுக்குக் கிடைத்தது போன்ற ஒரு நீண்ட பாதை. இன்று பாதை மிகச் சுருங்கிவிட்டது. மனம் திருந்துவதற்கு முன் ஆதாரம் வந்து நிற்கிறது. பிடிபட்ட பிறகு சொல்லும் எந்த உண்மையும் உண்மையாகக் கேட்பதில்லை. ‘ஃபோன்ல இருக்கிறதைத்தானே சொல்ற’ என்பதற்குப் பதில் இல்லை. என்ன நடந்தது என்பது முழுவதும் தெரிந்துவிடுவதால், ஏன் நடந்தது என்று உட்கார்ந்து யோசிக்க இரண்டு பக்கத்திலும் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில்தான் தடுமாறிக்கொண்டிருக்கின்றன. மனைவியின் அழைப்புப் பட்டியலை அவர் அறியாமல் எடுத்துவந்து ஒரு கணவர் விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார். தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறிப் பெற்ற சான்றை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில் பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலையும் திருமண வழக்கில் சான்றாக வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே முறிந்துவிட்டது என்பது அதன் வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஏமாற்றப்படும் ஒருத்தி வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வாள் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. என்னைப் போன்றவர்கள் வாய் திறக்காததால்தான் உலகம் கைப்பேசியைச் சாட்சிக்கு அழைத்தது.

என் கல்யாணம் நிச்சயமாவதற்கு முன் என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவங்களுக்கு நீங்களா சொன்னீங்களா, யாரும் சொல்லித் தெரிஞ்சுதா?” யாரோ சொல்லித்தான் என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. பல நாள் பேச்சும் குறைந்திருந்தது. நான் செய்ததைவிட அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது என்று பின்னால் சொன்னாள்.

கொஞ்ச நாளாகப் பாளையங்கோட்டைக்காரியின் பெயர் என் கைப்பேசியில் தானாக வருகிறது. முகநூல் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று அவளைக் காட்டுகிறது. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றிருக்கிறாள். பேரக்குழந்தையோடு ஒரு படம். அன்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கான்ட்ராக்டர் வீட்டுப் பையன் ஓட வேண்டியிருந்தது. இன்று விரலை ஒருமுறை வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் இப்போது என் மன்னிப்புக்கு வேலை இல்லை. அனுப்பினால் அது என் பாரத்தை அவள் மடியில் இறக்கிவைப்பதாகத்தான் இருக்கும். சொல்ல வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அது 1992இல் இருந்தது.

அந்த இரவு மொட்டை மாடியில் அக்கா மகனிடம் நான் கேட்டது இதைத்தான்: “கோயம்புத்தூர்ப் பொண்ணுக்கு இது தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“அவளாக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நீ போய்ச் சொல்லுப்பா.”

“மெசேஜ் போட்டுடவா?”

“நேர்ல போ.”

மறுநாள் காலை அவன் சென்னைக்குத் திரும்பாமல் கோவைக்குப் பஸ் ஏறினான். இரவு அங்கிருந்தே கூப்பிட்டான். காந்திபுரத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தனக்கு நிச்சயம் ஆகியிருந்ததையும் அதை அவளிடம் மறைத்ததையும் அவளிடமே சொல்லியிருக்கிறான். அவள் அழவில்லையாம். கைப்பேசியைக் காட்டு என்றும் கேட்கவில்லையாம். தன்னை முதன்முதலாகச் சந்தித்தபோதே இது இருந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இருந்தது என்று சொல்லியிருக்கிறான். அவள் தன் காபிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.